மூணாந் தண்ணி

மாப்ளே,

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். பால் வாங்கப் போனவன் தெருவிலேயே நின்றுவிட்டேன். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். பிள்ளையின் தாய் வாசலுக்கு வந்து, "உள்ள வராதீய மாமா, தாயி வந்திருக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். பாலை அடுப்பில் வைக்கக்கூடக் கை வரவில்லை. வெளியே சாரல். சாரல் விழுந்தால் என் வலது கை நடுவிரல் முட்டி குடையும். இன்றைக்கு நன்றாகவே குடைந்தது.

ஊருக்கெல்லாம் வேப்பிலை என்றால் குளிர்ச்சி. எனக்கு அதைப் பார்த்தால் கையை மடக்கி எவனையாவது குத்த வேண்டும்போல் வரும். எழுபதை நெருங்கிவிட்டேன், சர்க்கரையும் வந்துவிட்டது, யாரைப் போய்க் குத்துவது? குத்த வேண்டியவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் கோயில் வாசலில் பார்த்தால், "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள். நானும் சௌக்கியம் என்று சொல்லித் தொலைக்கிறேன்.

நீ சாவதற்கு மூன்று நாளைக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. முப்பது வருசத்துக்கு மேலாக அந்தப் பதில் தொண்டையிலேயே நிற்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் நேரே போக எனக்குத் தைரியம் இல்லை. சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்.

நாம் பழகியதே சண்டையில்தான். ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சில் இடம் பிடிக்க நீ என் மூக்கை உடைத்தாய், நான் உன் காதைக் கடித்தேன். வாத்தியார் இரண்டு பேரையும் வெயிலில் முட்டி போட வைத்தார். எழுந்து வரும்போது, "தண்ணி குடிப்பமா மச்சான்?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நீ மாப்ளே, நான் மச்சான். தென்காசியில் பயல்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், அதற்கு உறவு ஒன்றும் வேண்டாம். நம் விசயத்தில் வார்த்தை பலித்துவிட்டது. பின்னால் என் தங்கை பேச்சியை நீ கட்டிக்கொண்டாய். சும்மா கூப்பிட்டது நிசமாகிவிட்டதே என்று கல்யாணப் பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள்.

எழுபதுகளில் குற்றாலத்தில் நாம் ஆடிய ஆட்டம் கொஞ்சமா? சீசன் தொடங்கிவிட்டால் நீ எண்ணெய் தேய்க்கிற ஆட்களோடு சேர்ந்துவிடுவாய். வெளியூர்த் தொந்திகளைப் பாறையில் குப்புறப் போட்டு, தட்டித் தட்டி எண்ணெய் தேய்த்து, அப்புறம் பேரருவியில் தண்ணீர் நேராக விழுகிற இடத்தில் அவர்களுக்கு இடமும் பிடித்துக் கொடுப்பாய். நான் உனக்குத் துணைக்கு நிற்பேன். தோளால் ஒரு இடி, முழங்கையால் ஒரு இடி, அதற்கும் நகராதவனுக்குக் கன்னத்தில் ஒரு அறை. அருவி இரைச்சலில் அறை விழுகிற சத்தம் யாருக்கும் கேட்காது. அடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே நானும் நாலைந்து பேரை அடித்திருக்கிறேன்.

அந்த ஒல்லி ஆளை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். சுரண்டைப் பக்கத்து ஆள். விலாவை எண்ணிவிடலாம். தண்ணீருக்கு அடியில் நின்று இருமினான், சிவப்பாகத் துப்பினான். சயரோகக்காரன் தண்ணியைக் கெடுக்கிறான் என்று யாரோ சத்தம் போட்டார்கள். எல்லாரும் நம்மைப் பார்த்தார்கள். பார்த்தால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? நான் அவன் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தேன். நீ அடித்தாய். வயிற்றில் இரண்டு, முகத்தில் ஒன்று. அவன் கையை உதறக்கூட இல்லை. இழுத்துவந்து படியில் போட்டோம். உட்கார்ந்து, விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் போய் மிளகாய் பஜ்ஜி தின்றோம். பஜ்ஜி நன்றாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் நீ லாரிக்குப் போனாய். கிளீனராக ஏறி, டிரைவராகி, செங்கோட்டையிலிருந்து மரத்தடி ஏற்றி, கடைசியில் பம்பாய் லைனுக்குப் போனாய். நான் குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் சளி பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். யாரோ தர்மத்துக்கு நடத்திய பத்துக் கட்டில் ஆஸ்பத்திரி, இன்று அந்தக் கட்டிடமே இல்லை. சயரோகக்காரனைக் கை முறுக்கிப் பிடித்தவனுக்குச் சயரோகக்காரர்கள் புண்ணியத்தில் சோறு என்று எழுதியிருந்திருக்கிறது. நாள் முழுக்கச் சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, தீயில் காட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் காசநோய். என் விரல் நுனியெல்லாம் எப்போதும் சிவந்தே இருக்கும். என்ன மச்சான், மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கே என்று நீ கேலி செய்வாய்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பம்பாய் ட்ரிப் முடிந்து நீ வந்து இறங்கியபோது, உன் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம்போல் இருந்தது. விடாத காய்ச்சல், இருமல். சளி டப்பியைக் கையில் கொடுத்தேன். மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் ஒரு குச்சிகூட இல்லை. மூன்று தடவையும் 'இல்லை' என்று எழுதினேன். அடி நெஞ்சிலிருந்து எடுக்கத் தெரியாத மூதி, எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு நிற்கிறான் என்று எல்லார் முன்னாலும் உன்னை ஏசினேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாய்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை உனக்குத் தெரியும், வெடுக்கென்று பேசுகிறவர். உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நிழல் வழக்கமாக மேலேதானே இருக்கும், இவனுக்குக் கீழே இருக்கிறதே என்று முணுமுணுத்தார். நாலாவது சளியில் தேடித் தேடி இரண்டு குச்சி கண்டுபிடித்தேன். எனக்கு அதில் சந்தோசம், பார். காசநோய்தானே, ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, ஆளை எழுப்பிவிடலாம் என்று பேச்சியிடம் சொன்னேன். கிருமி குறைவாக இருக்கிறது, அது நல்லதுக்குத்தான் என்று பெரிய மேதாவிபோல வேறு சொன்னேன்.

மருந்து தொடங்கி மூன்றாவது வாரம் உன் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. மறுநாள் உதடு வெடித்தது, கண் ஒட்டிக்கொண்டது, முதுகுத் தோல் கொப்பளித்து விரிப்போடு உரிந்து வந்தது. வடக்கு வீட்டு மதினி வந்து ஒரு பார்வை பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாத்திரை மருந்தையெல்லாம் தூக்கி அங்கன வைங்க. தாயி எறங்குத வரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாது" என்றாள்.

அவ்வளவுதான், தெருவே உன் காலில் விழுந்தது. வாசலில் வேப்பிலை. படுக்கையில் வாழையிலை. தெருவில் ஒரு வீட்டிலும் தாளிதம் கிடையாது. இளநீரும் மோரும் கேட்காமலே வந்து சேர்ந்தன. பழைய சண்டையில் உன்னிடம் மண்டை உடைபட்டானே ஒருவன், அவன்கூட வாசலில் கைகட்டி நின்று, கோபம் தணிந்து இறங்கும்மா என்று உன்னைக் கும்பிட்டான். அவனை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வருவான்.

நான் என்ன கிழித்தேன்? கிருமியைக் கண்ணால் பார்க்கிறவன், ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவன், நானும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்றேன். நுங்கு வாங்கி வந்து நடையில் வைத்துவிட்டு, உள்ளே உன்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனேன். சத்தியமாகக் கும்பிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் ஊசிக்கு வராதவனைப் பற்றி டாக்டரம்மா கேட்டார். அம்மை என்றேன். பேனாவை மேசையில் எறிந்துவிட்டு நேரே உன் வீட்டுக்கு வந்தார். மதினி வாசலில் மறித்தாள், அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். உன் வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கெல்லாம் தயிர்போல வெள்ளை படிந்திருந்தது. அதை நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: அம்மை இல்லை, மாத்திரைகளில் ஒன்று உன் உடம்புக்குச் சேராமல் வந்த வினை. அதை நிறுத்தியதால்தான் உயிர் தப்பியதாம். இன்னும் நாலு நாள் விழுங்கியிருந்தால் போயிருப்பாயாம். மதினியின் கிறுக்குக் கோட்டித்தனம்தான் உன்னைக் காப்பாற்றியது, படித்த நாங்கள் இல்லை. அப்புறம் உன் கையில் ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். எதற்கு என்று கேட்டேன், முடிவு வரட்டும் என்றார்.

மாத்திரையால் வந்தது என்று பேச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தாயி என்று ஒருதரம் வாயால் சொன்னபிறகு மாற்றிப் பேசக் கூடாதாம், எதுவாக இருந்தாலும் மூன்று தண்ணீர் விட்டே ஆகவேண்டுமாம். அம்மை இறங்கினால் வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, நாள் விட்டு நாள் மூன்று முறை தலைக்கு விடுவது நம் வழக்கம்தானே. முதல் தண்ணி வீட்டு முற்றத்தில் விட்டார்கள். இரண்டாம் தண்ணியும் அங்கேதான். மூணாந் தண்ணி பேரருவியில் என்று நீயே நேர்ந்திருந்தாய். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் ஸ்டீரிங்கைப் பிடித்துவிடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்த மூணாந் தண்ணி அன்றைக்குக் காலையில்தான் மெட்ராசிலிருந்து கவர் வந்தது. டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். உனக்குக் காசநோயோடு எய்ட்ஸ் கிருமியும் சேர்ந்து இருக்கிறது. அது உடம்பின் காவலை உடைத்துவிட்டது, அந்த வழியாகக் காசநோய் உள்ளே வந்து ஆடுகிறது. காவல் போன உடம்பில் சளியில் கிருமி சரியாகத் தெரியாது, நிழல் இடம் மாறி விழும், சில மாத்திரைகள் தோலை உரிக்கும். நான் எழுதிய மூன்று 'இல்லை'யும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

"காசநோயைக் குணப்படுத்திடலாம். மத்ததுக்கு இப்ப மருந்து இல்ல, ஆனா நல்லாப் பாத்துக்கிட்டா சில வருசம் இருப்பாரு" என்றார். "உங்க தங்கச்சிகிட்ட நானே சொல்றேன், அவங்களுக்கும் ரத்தம் பாக்கணும். தெருவுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இவரை இருக்க விடமாட்டாங்க."

மேசையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் ஒரு மணி நேரம் தாங்கவில்லை.

சைக்கிளை எடுத்துக் குற்றாலத்துக்கு மிதித்தேன். வழியில் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நீ கோபப்படக் கூடாது. ஐயோ என் கூட்டாளிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நினைக்கவில்லை. பம்பாயில் எவளிடம் போனான், என்னத்தை வாங்கிக்கொண்டு வந்து என் தங்கச்சிக்குக் கொடுத்தான் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி உன்னை ஏசிக்கொண்டே மிதித்தேன். எதிரே வந்த பஸ்காரன் என்னை ஏசினான், அவனையும் ஏசினேன்.

சீசன் டாப்பில் இருந்த நாள். பேரருவியில் கூட்டம் நெரிந்தது. தண்ணீர் தெறிக்கிற பாறையில் உன்னை உட்கார வைத்திருந்தார்கள். தெருக்காரர்கள் பத்திருபது பேர் சுற்றி நின்றார்கள். மதினி மஞ்சள் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சி, அரைத்த வேப்பிலையை உன் முதுகில், தோல் மூடாமல் கசிந்துகொண்டிருந்த இடத்தில், வெறும் கையால் பூசிக்கொண்டிருந்தாள். அவள் விரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டாளாம். அந்தத் துணியைப் பார்த்தேன் மாப்ளே. அதோடு என் புத்தி போய்விட்டது.

"தொடாத ஏட்டி, கையை எடு. அது அம்மை இல்ல, எய்ட்சு!"

அருவி இரைச்சலை மிஞ்சுகிற தொண்டை என்று என்னை நீயே மெச்சியிருக்கிறாய். மேலேயிருந்து கீழே வரைக்கும் எல்லாருக்கும் கேட்டது. அந்த வார்த்தை ஊருக்குப் புதுசு. பேப்பரில் படித்தவன் படிக்காதவனுக்குச் சொல்லி, ஒன்றுக்குப் பத்தாகப் பெருத்து வந்திருந்தது. மூச்சுப் பட்டால் ஒட்டும், குளித்த தண்ணீர் பட்டால் ஒட்டும் என்று நம்பினார்கள். உன் மேல் பட்ட தண்ணீர் வழிந்து, கீழே நின்றவர்கள் காலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

மதினி கையிலிருந்த செம்பு விழுந்தது. அடுத்தது ஒரு கல் வந்தது, உன் நெற்றியில். அப்புறம் கல்லாக வந்தது. உன்னைக் கும்பிட்ட அந்த மண்டை உடைந்தவன்தான் முதலில் பாறையில் ஏறி உன் நெஞ்சில் மிதித்தான். காலால்தான் மிதித்தான், கையால் தொடப் பயம். எல்லாரும் காலாலும் கட்டையாலும்தான் அடித்தார்கள். பஜ்ஜிக் கடையிலிருந்து விறகு வந்தது. உன்னோடு ஒரே இலையில் தின்ற எண்ணெய்க்காரர்கள் உட்காருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் பெல்ட்டைக் கழற்றி, கொக்கி இருக்கிற பக்கத்தால் வீசினான். புதிதாகத் தோல் மூடிய முதுகு திரும்பவும் கிழிந்து, பாறையெல்லாம் ரத்தமும் மஞ்சளும் ஓடியது. உன் விலா ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும் என்பாய். கேட்டது மாப்ளே.

என் வயிறு இன்றும் எரிவது எதற்குத் தெரியுமா? இருமினால் காற்றில் பரவுகிற நோயை நெஞ்சில் வைத்துக்கொண்டு நீ மாதக்கணக்கில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், ஒருவன்கூடத் தள்ளி உட்காரவில்லை. தண்ணீரில் பரவவே பரவாத நோய்க்கு உன்னைத் தண்ணீரில் போட்டு அடித்தார்கள். சவத்து மூதிகள். அவர்களை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, வார்த்தையை எடுத்துக் கொடுத்தவன் நான்தானே.

நீ திருப்பி அடிக்கவில்லை. மெலிந்துவிட்டாய்தான், ஆனாலும் ஒருவன் காலையாவது வாரிவிட்டிருக்க உன்னால் முடியும். இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு சுருண்டு கிடந்தாய். இவன் கோழையாகிவிட்டான் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆமாம், நான் அப்போது நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

பேச்சிதான் உன் மேல் விழுந்து மறைத்தாள். அவள் தோளிலும் ஒரு கட்டை இறங்கியது. அப்போதுதான் நான் பாறையில் ஏறினேன். அவள் முடியைப் பிடித்து இழுத்து விலக்கினேன். உன்னைக் கழுத்தோடு தூக்கி நிறுத்தி, வலது கையை ஓங்கி உன் வாயில் குத்தினேன்.

"என் தங்கச்சியைக் கெடுத்தவனை நான் பாத்துக்கிடுதேன். வேற எவனாவது கிட்ட வந்தீய, வகுந்துருவேன்" என்றேன்.

கூட்டம் நின்றது. தொட்டு அடிக்க ஒருவன் வந்ததே அவர்களுக்கு அதிர்ச்சி. அதோடு மச்சான்காரன் அடித்தால் நம் ஊரில் எவனும் குறுக்கே வரமாட்டான், அது அவன் பாத்தியதை. அது தெரிந்துதான் ஏறினேன். அவர்களிடமிருந்து உன்னைப் பிடுங்க வேறு வழியில்லாமல் நடித்தேன் என்றுதான் பேச்சியிடம் சொன்னேன், டாக்டரம்மாவிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். உன் முன்பல் உடைந்து என் நடுவிரல் முட்டியில் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

டாக்சிக்காரன் ஒருவனும் ஏற்றவில்லை. குதிரைவண்டிக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். சைக்கிள் கேரியரில் உன்னை உட்கார வைத்து, என் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு மிதித்தேன். பேச்சி உன்னைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே ஓடிவந்தாள். சாரல் குளிர்ந்து விழுந்தது, உன் வாய்ரத்தம் மட்டும் என் முதுகில் சூடாக இறங்கியது. வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், என் கையில் காயமா என்று. இல்லை என்று பொய் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்கு எங்களைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. உன்னைப் பின்கட்டு அறையில் கிடத்தினோம். மூன்று விலா முறிந்து, அதில் ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. என் கையை அவரே குழாயடியில் வைத்து சோப்புப் போட்டுக் கழுவினார், நிறுத்தாமல் கழுவினார். பல் பட்ட காயத்துக்குத் தையல் போடக் கூடாது என்று அப்படியே துணி சுற்றினார். இனி ரத்தம் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர் என்றார்.

அதற்கப்புறம் நாற்பது நாள் இருந்தாய். அந்த மாத்திரையை விட்டு மற்ற மருந்தையெல்லாம் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கியது, இருமல் குறைந்தது. காசநோய் தோற்றுக்கொண்டுதான் வந்தது. குத்திய விலாவைச் சுற்றிச் சீழ் வைத்ததுதான் அடங்கவில்லை. தினமும் காலையில் கஞ்சியோடு நான் வந்ததும் நீ கேட்பது கையைத்தான். கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். உற்றுப் பார்ப்பாய். காஞ்சிட்டா என்று கேட்பாய், காயுது என்பேன். அப்புறம்தான் வாயைத் திறந்து கஞ்சி வாங்குவாய்.

ஒருநாள் கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் கையை ஒளித்தாய், ஒருவனையாவது அடித்திருக்கலாமே என்று.

"அடிச்சா என் கை கிழியும்லா மச்சான்" என்றாய். "ரத்தத்துலதான் அது ஒட்டும்னு பம்பாயில பேசிக்கிடுவானுவ. அவனுவளுக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா."

நாம் அடித்த அந்தச் சுரண்டைக்காரனும் கையை உதறவில்லையே, கவனித்தாயா என்று கேட்டாய். நான் எழுந்து வெளியே போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதேன். நீ கூப்பிட்டாய், நான் வரவில்லை.

பிறகு பேச்சியின் ரத்த முடிவு வந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அதை உன் காதில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாய், கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டு, கையைக் காட்டு என்றாய். கட்டு எடுத்து நாளாகியிருந்தது, தழும்பு விழுந்துவிட்டது. பெருவிரலால் அதைத் தடவினாய், டயரில் ஆணி ஏறிய இடத்தைத் தடவிப் பார்ப்பாயே அப்படி. எனக்குப் பொறுக்கவில்லை. உன்னை அவர்களிடமிருந்து பிடுங்கத்தான் அடித்தேன், சும்மா நடிப்புக்கு அடித்தது என்று எல்லாரிடமும் சொன்னதையே உன்னிடமும் சொன்னேன். நீ கோபப்படவில்லை. கையை விடவும் இல்லை.

"நடிச்சு அடிச்சா பல்லு இவ்வளவு ஆழமா எறங்காது மச்சான்" என்றாய்.

நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ எழுந்து போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் நீ போய்விட்டாய். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தில் காசநோய் என்று மட்டும் இருந்தது. உன்னைத் தூக்கத் தெருவிலிருந்து ஒருவனும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளில் நடக்க முடிந்த மூன்று பேர் வந்து தோள் கொடுத்தார்கள். இருமிக்கொண்டே தூக்கினார்கள்.

எனக்கு மூன்று தடவை ரத்தம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் காத்திருக்கும்போது வந்துவிட்டால் நல்லது என்று பாதி மனது கேட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சி என்னோடு ஆறு வருசம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பேசிய முதல் நாள் சொன்னது இதுதான்: "நீ அடிச்சது மறந்துட்டுண்ணே. நீ கத்துனதுதான் மறக்க மாட்டேங்கு. கிட்ட வந்து காதுல சொல்லியிருக்கலாம்லா." இப்போது அவள் கடையத்தில் தையல் மிசின் போட்டு இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். இப்போதெல்லாம் இரண்டு நோய்க்கும் மாத்திரை கொடுக்கிறார்கள், இரண்டும் வந்தவன் பேரன் பேத்தி எடுக்கிறான். நீ கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம், கோட்டிக்காரா.

மத்தியானம் மறுபடியும் எதிர்வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் காதோரம் குனிந்து, வேப்பிலை இருக்கட்டும் தாயி, பிள்ளையை ஒருதரம் டாக்டரிடமும் காட்டிவிடு என்று மெல்லச் சொன்னேன். சரி மாமா என்றாள். இந்தத் தொண்டைக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

சுற்றி வந்தாயிற்று. விளக்கு வெளிச்சத்தில் முட்டியைப் பார்க்கிறேன். தழும்பு வெள்ளையாக, உன் பல் அகலத்துக்கு இருக்கிறது. காஞ்சிட்டா என்று நீ கேட்டால் காட்ட வேண்டும் என்றுதான் இதைக் கூடவே வைத்திருக்கிறேன். நீ சொன்னது சரி மாப்ளே. ஓங்கும்போது நடிப்பாகத்தான் ஓங்கினேன். இறங்கும்போது நடிப்பு இல்லை.